தூங்குகிற குதிரையை வரைந்த யம்னா

லல்லா யம்னா எங்கள் கால்நடை அலுவலகத்தில் குதிரைகளுக்குப் பதிவு எழுதுகிறவர். லல்லா என்பது எங்கள் பக்கம் பெண்களை மரியாதையாகக் கூப்பிடும் சொல். இருபத்தெட்டு வருடமாக அதே நாற்காலி, அதே ஜன்னல். அவர் சேர்ந்த மறுவருடம் நான் ஜீப் ஓட்ட வந்தேன். என் பெயர் ஹம்மு. இத்தனை வருடம் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்பதால் அவரைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன். சொல்லட்டுமா என்று அவரிடமே கேட்டேன். "சொல்லுங்க அண்ணே. ஆனா என்னைய அழகியா மட்டும் ஆக்கிடாதீங்க" என்றார்.

எங்கள் ஊர் தீக்ரா, கெனிஃப்ரா நகரத்திலிருந்து மலைமேல் ஒன்றரை மணி நேரம். குதிரைப் பைத்தியம் பிடித்த ஊர். வீட்டுக் கூரை ஒழுகினால் அடுத்த மழைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். லாயத்துக் கூரை ஒழுகினால் அன்றைக்கே ஏணி வைப்பார்கள். ஒவ்வொரு குதிரைக்கும் ஓர் அடையாளப் படிவம் உண்டு. அதில் ஒரு குதிரையின் உருவம் வெறும் கோடாக அச்சடித்திருக்கும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, தனியாக முகம், தனியாகக் கால்கள். வந்து நிற்கும் குதிரைக்கு எங்கெங்கே வெள்ளை இருக்கிறதோ அதைச் சிவப்பு மையில் போடவேண்டும். சுழி இருக்கும் இடத்தில் கறுப்பு மையில் பெருக்கல் குறி. இது கால்நடை டாக்டரின் வேலை. அவர் முற்றத்தில் நின்று போட்டு உள்ளே அனுப்புவார். யம்னா பெயர், வயது, நிறம், கிராமம் எல்லாம் எழுதி முத்திரை குத்துவார். வெளியே குதிரை கனைக்கும். உள்ளே இவர் தலை நிமிரமாட்டார்.

அவரைப் பத்தொன்பது வயதில் கட்டிக்கொடுத்தார்கள். எட்டே மாதத்தில் திரும்பி வந்துவிட்டார். என்ன நடந்தது என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அதற்குப் பிறகு தம்பி மிமூன் வீட்டில்தான் வாசம். மிமூனின் மனைவி ஃபத்மா வாய் நீளமானவள், மனசு நல்லவள். பிள்ளைகள் படுக்கும் அறையிலேயே ஓரமாக யம்னாவுக்கும் ஒரு மெத்தை. இதைக் கேட்டு அவரைச் சோகப் பிறவி என்று நினைத்துவிடாதீர்கள். சிரிப்பார், பேசுவார், அலுவலகத்துக்கு ரொட்டி கொண்டுவந்தால் எல்லோருக்கும் பிய்த்துக் கொடுப்பார். ஆனால் அவருக்கென்று எதுவும் வேண்டியிருக்காது. டீயா காப்பியா என்றால் "எதுன்னாலும் சரி" என்பார். ஜன்னலைச் சாத்தவா என்றால் "உங்க இஷ்டம்". அப்படியே நாற்பத்தாறு வயது ஆகிவிட்டது.

ஆறு வருடத்துக்கு முன்னால், ஆலிவ் பறிக்கிற சமயம். ஒரு கோவேறு கழுதை டாக்டர் லஹ்லுவின் வலது மணிக்கட்டில் உதைத்துவிட்டது. டாக்டர் ஃபெஸ் நகரத்துக்காரர். மிருகங்களைவிட அவற்றின் நோய்களை அதிகம் நேசிப்பவர். கையில் மாவுக்கட்டோடு வந்து யம்னாவின் மேசைக்கு முன்னால் நின்றார்.

"லல்லா யம்னா, இன்னிலேருந்து நீங்கதான் வரையணும்."

"நானா? எனக்கு வரையத் தெரியாதே டாக்டர்."

"வரையறதுக்கு அதுல என்ன இருக்கு? குதிரைதான் ஏற்கெனவே அச்சுல இருக்கே. நான் சொல்லச் சொல்ல நீங்க கோடு இழுத்தாப் போதும்."

முதலில் வந்தது ஒரு செம்பழுப்புப் பெட்டைக் குதிரை. யம்னா முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு பத்தடி தள்ளி நின்றார். டாக்டர் குதிரையைச் சுற்றி வந்து, "நெத்தியில நட்சத்திரம், மூக்கு வரைக்கும் இறங்குது. இடது பின்னங்கால் வெள்ளை, பாதி வரைக்கும். கழுத்துல சுழி" என்று சொல்லிக்கொண்டே போனார். கொஞ்ச நேரத்தில் யம்னாவின் கையிலிருந்த பேனா டாக்டர் சொல்வதைக் கேட்கவில்லை. முக்காடு மூக்கிலிருந்து இறங்கிவிட்டது. பத்தடி நாலடியாகிவிட்டது. குதிரையைப் பார்ப்பதும் தாளைப் பார்ப்பதுமாக நின்றார்.

டாக்டர் தாளை வாங்கிப் பார்த்தார். "இது என்ன லல்லா, அச்சுக்கு வெளிய ஒரு கோடு?"

"வயிறு, டாக்டர்."

"வயித்தை யாரு கேட்டா?"

"இதோட வயிறு இப்படித் தொங்குது. அச்சுல இருக்கிற வயிறு இதோடது இல்லியே."

குதிரைக்காரர் எட்டிப் பார்த்தார். "அவங்க சரியாத்தான் போட்டிருக்காங்க டாக்டர். ஏழு குட்டி போட்ட வயிறு அது. வேற எப்படி இருக்கும்?"

அன்றைக்கு நாலு படிவம் பாழ். ஒன்றில் குழிந்த முதுகு, ஒன்றில் கிழிந்த காது, ஒன்றில் வெளிப்பக்கம் திரும்பிய குளம்புகள். டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். "இந்தத் தாளுக்கெல்லாம் நான் மேலிடத்துக்குப் பதில் சொல்லணும் லல்லா. மேலிடத்துக்கு வயிறு வேணாம். வெள்ளையும் சுழியும் மட்டும் போதும்." யம்னா முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டார். பாழான தாள்களைக் கிழித்துப் போடச் சொன்னார் டாக்டர். இவர் அவற்றை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

மூன்று வாரத்தில் வழி கண்டுபிடித்துவிட்டார். படிவத்தில் மேலிடத்துக்கு வேண்டியதைப் போடுவார். அது முடிந்ததும், பாழான தாளின் பின்பக்கத்தில், உண்மையாக அங்கே நிற்கிற குதிரையைப் போடுவார். டாக்டரின் கட்டைப் பிரித்த அன்று, பேனாவைத் திருப்பிக் கொடுக்கவேண்டிய நேரம் வந்தது. யம்னா அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"டாக்டர், உங்களுக்குப் பரவாயில்லைன்னா... இதை நானே போடறேனே."

டாக்டருக்கு அந்த வேலையே பிடிக்காது. "அப்பாடா!" என்று சொல்லிவிட்டு ஊசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். தனக்காக யம்னா ஒன்றைக் கேட்டு வாங்கியது அதுதான் முதல் தடவையாக இருக்கவேண்டும்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு விற்கும் வண்ணப்பெட்டி ஒன்றை வாங்கினார். அதில் ஒரே ஒரு பழுப்புதான் இருந்தது. "அண்ணே, இந்தப் பழுப்புல தீக்ராவுல ஒரு உசுரு கெடையாது" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். அக்ரூட் கொட்டையின் பச்சைத் தோலைக் காய்ச்சி ஒரு நிறம் எடுத்தார். அடுப்புக் கரியை எண்ணெயில் குழைத்து ஒன்று. டீத்தூள் சக்கையில் ஒன்று. இதில் வீட்டில் ஒரு ரகளை நடந்தது. ஃபத்மா என் மனைவிக்குச் சித்தி மகள். அதனால் எல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும்.

"அக்கா, அடுப்பு மேல இருந்த சட்டியில என்ன சூப்பு வெச்சிருந்தீங்க?" என்று கேட்டாளாம் ஃபத்மா.

"சூப்பு இல்ல, குதிரை நிறம்."

"குதிரை நிறமா? நான் உப்புப் பத்தலைன்னு ரெண்டு சிட்டிகை போட்டு, ருசி வேற பாத்தேனே!"

அன்று முழுக்க ஃபத்மாவின் நாக்கு பழுப்பாக இருந்ததாம். பிள்ளைகள் அவளைப் பார்த்துக் கனைத்துக்கொண்டே திரிந்தார்களாம்.

முன்பெல்லாம் தடுப்பூசி போடக் கிராமங்களுக்குப் போகும்போது ஜீப் கிளம்பியதும் யம்னா தூங்கிவிடுவார். இப்போது கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். திடீர் திடீரென்று "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்பார். சரிவில் ஒரு கழுதை முட்செடியை மென்றுகொண்டு நிற்கும். பின்சீட்டில் டாக்டர் பெருமூச்சு விடுவார். நான் எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு சிகரெட் பற்றவைப்பேன்.

ஒருநாள் டாக்டர் இல்லாதபோது கேட்டேன். "இதுல உங்களுக்கு என்ன கிடைக்குது லல்லா?"

அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். "ஒரு மிருகத்தை அரைமணி நேரம் பாத்தா, அது எனக்குப் புடிக்குதா புடிக்கலையான்னு தெரிஞ்சிருது அண்ணே. மேட்டுத்தெரு ஆளோட கறுப்புக் குதிரையை ஊரே கொண்டாடுது. எனக்குப் புடிக்கல. அதுக்குத் திமிரு. அந்த மொட்டைவால் கோவேறு கழுதை இருக்கே, அதை எனக்குப் புடிச்சிருக்கு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "எனக்கு ஒண்ணு புடிக்கும், ஒண்ணு புடிக்காதுங்கிறதே எனக்கு இப்பத்தான் தெரிய வருது" என்றார்.

சிகரெட்டை அணைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

அடுத்த வசந்தத்தில் கழுதைக் கூத்து. செவ்வாய்க்கிழமை சந்தைக்கு மலைக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள் கழுதைகளை மதில் ஓரமாகக் கட்டிவிட்டு உள்ளே போவார்கள். நூறு, நூற்றைம்பது நிற்கும். கழுதைக்கு அடையாளப் படிவம் கிடையாது. அரசாங்கத்தைப் பொறுத்தவரை அது பிறக்கவே இல்லை. யம்னாவுக்கு அது பொறுக்கவில்லையோ, அல்லது கழுதைகள் அசையாமல் நிற்கும் என்பதாலோ, செவ்வாய் மதிய இடைவேளையில் அங்கே ஒரு தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து வரைய ஆரம்பித்தார். மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நாலாவது வாரம் நான் போனபோது மதில் ஓரம் வெறிச்சென்று கிடந்தது. ஒன்பதே கழுதைகள். ஜனங்கள் மூட்டைகளை முதுகில் சுமந்துகொண்டு, வியர்த்து ஊற்ற நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.

"என்ன மாமா, கழுதை எங்க?" என்று அஸ்ஸு என்கிற பெரியவரிடம் கேட்டேன்.

"எந்தக் கழுதை?" என்றார் அவர்.

"உங்க கழுதைதான்."

"எங்கிட்டக் கழுதையே கிடையாது. எங்க பரம்பரையிலயே கிடையாது." சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு கழுதை கத்தியது. அவர் காதில் விழாத மாதிரி வானத்தைப் பார்த்தார்.

விஷயம் இதுதான்: அலுவலகத்து அம்மா கழுதைகளைப் பெயர் பெயராக எழுதுகிறார், அறுவடைக்குப் பிறகு கழுதை வரி வரப்போகிறது என்று மலை முழுக்கப் பேச்சு. டாக்டர் சிரித்து முடித்துவிட்டு, சந்தை ஒலிபெருக்கியில் அறிவிக்கச் சொன்னார். கழுதைக்கு எந்த வரியும் கிடையாது, யாரும் பயப்படவேண்டாம் என்று மூன்று தடவை சொன்னார்கள். அடுத்த வாரம் அந்த ஒன்பது கழுதைகளும் வரவில்லை.

"அரசாங்கமே மைக்கு வெச்சு வரி இல்லைங்குது. அப்ப வரி நிச்சயம்" என்றார் அஸ்ஸு.

யம்னாவுக்கு அவமானமாகப் போய்விட்டது. இரண்டு நாள் எதையும் வரையவில்லை. மூன்றாம் நாள், வரைந்து வைத்திருந்த கழுதைப் படங்களையெல்லாம் பையில் எடுத்துவைத்து என்னையும் வரச் சொன்னார். அடுத்த செவ்வாய் சந்தை வாசலில் நின்று, அடையாளம் தெரிந்தவர்களுக்கெல்லாம் அவரவர் கழுதையின் படத்தைக் கொடுத்துவிட்டார். வரி எழுதுகிறவர் ஏட்டைத் திருப்பிக் கொடுப்பாரா? அதில்தான் பயம் தெளிந்தது. அஸ்ஸு தன் படத்தைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"காது இவ்வளவு பெரிசு கிடையாது."

"பெரிசுதான் மாமா."

"இது வேற யாரோட கழுதையோ."

"உங்ககிட்டத்தான் கழுதையே கிடையாதே, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அஸ்ஸுவும் சிரித்தார். அந்தப் படத்தை அவர் திருப்பித் தரவில்லை.

இதற்குப் பிறகு யம்னாவின் பெயர் வெளியே போனது. அப்படித்தான் ஹாஜி பூஅஸ்ஸா ஆள் அனுப்பினார். திருவிழாக்களில் பதினைந்து குதிரைகள் ஒரே வரிசையாகப் பாய்ந்து வந்து, பதினைந்து துப்பாக்கிகளும் ஒரே சத்தமாக வெடிக்கும் ஆட்டம் எங்கள் பக்கத்துக்கு உயிர். அப்படி ஒரு குழுவுக்கு முப்பது வருடம் தலைவராக இருந்தவர் ஹாஜி. அவருடைய சாம்பல் நிறக் குதிரை லஸ்ரக்கைத் தெரியாதவர் எங்கள் மலையில் இல்லை. அதற்கு வயதாகிவிட்டது, இனி ஆட்டத்துக்குப் போகாது. அதன் படம் தன் வீட்டு வரவேற்பறையில் தொங்கவேண்டும் என்று ஹாஜிக்கு ஆசை.

ஏழு ஞாயிற்றுக்கிழமை என் பழைய காரில் யம்னாவை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். ஹாஜி முதல் நாள் வந்து குதிரையின் பெருமைகளைச் சொல்லிவிட்டுப் போனவர், "முடிஞ்சதும் காட்டுங்க போதும்" என்று விட்டுவிட்டார். அவர் மனைவி தூதா மட்டும் வாற்கோதுமை வாளியோடு வருவார், குதிரைக்குப் போடுவார், யம்னாவுக்கு ரொட்டியும் வெண்ணெயும் வைப்பார், ஒன்றும் பேசாமல் போவார். யம்னா குதிரையைச் சுற்றிச் சுற்றி வந்தார். அதன் தோளில் வெடிமருந்து பட்டு ரோமம் முளைக்காமல் போன தழும்பு, சேணம் தாங்கித் தாங்கிக் குழிந்த முதுகு, எல்லாவற்றையும் கையால் தொட்டுப் பார்த்தார். மூன்று ஞாயிறு கரியில் போட்டுப் போட்டுத் தூர எறிந்தார். நாலாவது ஞாயிறுதான் வண்ணத்தைத் தொட்டார்.

ஏழாவது ஞாயிறு ஹாஜி வந்து படத்துக்கு முன்னால் நின்றார். மதிய வெயிலில் சுவர் ஓரமாக லஸ்ரக் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு பின்னங்கால் மடிந்து குளம்பின் நுனியில் நின்றது. கீழுதடு தொங்கியிருந்தது. தழும்பு அது இருந்த இடத்தில் இருந்தது. நான் பார்த்த படங்களிலேயே அப்படி ஒரு படம் இல்லை. பக்கத்தில் போனால் அதன் மூச்சு முகத்தில் படும்போல இருந்தது.

"தூங்குது" என்றார் ஹாஜி.

"ஆமா ஹாஜி."

"என் குதிரை தூங்குது! ஏழு ஜில்லாவை அதிர வெச்ச குதிரை, கிழவன் மாதிரி உதட்டைத் தொங்கப் போட்டுக்கிட்டு! இதை நான் விருந்தாளிக்குக் காட்டவா?"

"அது மதியத்துல அப்படித்தான் நிக்குது."

"எப்படி நின்னா என்ன? முன்னங்காலைத் தூக்குங்க. கழுத்தை வளைச்சு விடுங்க. வாயில நுரை போடுங்க. அந்தத் தழும்பை எடுத்துடுங்க. முதுகு என்ன இப்படிக் குழிஞ்சு கிடக்கு? நேராக்குங்க."

நான் யம்னாவைப் பார்த்தேன். "உங்க இஷ்டம் ஹாஜி" என்பார் என்று எதிர்பார்த்தேன். அத்தனை வருடம் கேட்ட வார்த்தை அது.

"இல்ல ஹாஜி" என்றார் யம்னா. "மாத்த மாட்டேன்."

"என்ன?"

"முதுகு உங்களைச் சுமந்து குழிஞ்சது. தழும்பு உங்க துப்பாக்கியால வந்தது. அதையெல்லாம் எடுத்துட்டா அப்புறம் அது லஸ்ரக் இல்ல. பாயற குதிரை வேணும்னா வேற யாரையாவது கேளுங்க. தப்பா எடுத்துக்காதீங்க. என்னால முடியாது."

ஹாஜியிடம் அப்படிப் பேசின ஆம்பிளைகளே குறைவு. யம்னா படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தூதா இருந்த சமையல்கட்டுப் பக்கம் பார்த்து ஸலாம் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

பாலத்தைத் தாண்டியதும், "அண்ணே, எனக்குப் பசிக்குது" என்றார். கடையில் நிறுத்தினேன். கடைக்காரர் வழக்கம்போல உயரத்திலிருந்து டீயை ஊற்ற வந்தார்.

"எனக்குச் சீனி போடாம குடுங்க" என்றார் யம்னா.

கடைக்காரர் கூஜாவைக் கீழே வைத்தார். "உடம்புக்கு என்ன? டாக்டர்கிட்டக் காட்டினீங்களா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. எனக்கு இனிப்பு டீ புடிக்காது."

"இருபது வருஷமா ஆபீஸ்ல மூணு கட்டி சீனி போட்ட டீயத்தானே குடிக்கிறீங்க?" என்றேன் நான்.

"ஆமா" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சீனி போடாத டீயையும் நாலு அவித்த முட்டையையும் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தார்.

அன்று சாயங்காலமே வீட்டில் மாடி அறையைக் கேட்டிருக்கிறார். கோதுமை மூட்டை அடுக்கியிருந்த அறை. வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல்.

"அங்க எதுக்கு அக்கா? கோதுமையை நான் எங்க வைப்பேன்?" என்றிருக்கிறான் மிமூன்.

"அது நீ யோசி. எனக்கு வெளிச்சம் வேணும்."

மிமூன் வாயைத் திறப்பதற்குள் ஃபத்மா, "பொம்பளை இத்தனை வருஷத்துல முதல்தடவையா ஒண்ணு கேக்குறாங்க. மூட்டையைத் தூக்குங்க" என்றாளாம். மறுநாள் நானும் போய் நாலு மூட்டை இறக்கிக் கொடுத்தேன். இரண்டு நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது.

ஹாஜி, மெக்னஸ் பக்கமிருந்து கடைப் பெயர்ப்பலகை எழுதுகிற ஒருவரை வரவழைத்து, அவர் மனசுப்படி ஒரு படம் வரைந்து மாட்டினார். நானும் பார்த்தேன். குதிரை இரண்டு காலில் நிற்கிறது, மூக்கில் புகை, பின்னால் எங்கள் மலையில் இல்லாத கடல். ஒரு வருடம் ஹாஜி எங்களைத் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த வருடம் குளிரில் ஒரு காலை, தூதா அலுவலகத்துக்கு வந்தார். கம்பளிப் போர்வை, கையில் துணி மூடிய கூடை. யம்னாவுக்கு எதிரில் உட்கார்ந்து கூடையை மேசைமேல் வைத்தார்.

"என்ன வேணும் லல்லா தூதா? குதிரைக்கு உடம்பு சரியில்லையா?"

"குதிரை நல்லா இருக்கு. அந்தப் படம் எங்க?"

"எந்தப் படம்?"

"தூங்குற படம்." கூடையை யம்னா பக்கம் தள்ளி வைத்தார். "பதினாலு வருஷம் அதுக்கு நான்தான் தீனி போட்டேன். வெளியூருக்குப் போய் அது ஆடினதை நான் பாத்ததே இல்ல. நான் பாத்ததெல்லாம் மத்தியானத்துல சுவரோரமா நிக்கிற லஸ்ரக்கைத்தான். கூடத்துல தொங்குதே, அந்த மூக்குல புகை விடுறது எந்த ஊர்க் குதிரையோ, நான் அதுக்கு ஒரு பிடி வாற்கோதுமைகூடப் போட்டதில்ல."

யம்னா அன்றைக்கே என்னைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படத்தை எடுத்து வந்து கொடுத்தார். கொடுக்க மனசு வந்ததா என்று வரும் வழியில் கேட்டேன். "அவங்களுக்குக் கொடுக்கத்தான் மனசு வந்துச்சு" என்றார். கூடையில் வெண்ணெயும் தேனும் இருந்தன. எனக்கும் பங்கு கிடைத்தது.

தூதா அதைச் சமையல்கட்டில் மாட்டியிருக்கிறார். ஹாஜி தினமும் காலையில் அதற்கு எதிரில் உட்கார்ந்துதான் ரொட்டி சாப்பிடுகிறார். நல்லாயிருக்கிறது என்று இன்றுவரை சொன்னதில்லை. ஆனால் போன ரமலானுக்கு முன்னால் தெருவில் எங்களைப் பார்த்தபோது நின்று, "லல்லா, அந்தக் காது கொஞ்சம் சாய்ஞ்சு இருக்கே, அது சரிதான். இடது காது அப்படித்தான் சாய்க்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது யம்னாவுக்கு ஐம்பத்திரண்டு. காலையில் படிவம், சாயங்காலம் மாடி அறை. டாக்டர் லஹ்லு தன் அறையில், தன்னை உதைத்த கோவேறு கழுதையின் படத்தை மாட்டியிருக்கிறார். யம்னா தேடிப்போய் வரைந்து கொடுத்தது. நகரத்திலிருந்து இரண்டு பேர் வந்து கண்காட்சி வைக்கலாமா என்று கேட்டார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டார். உண்மையாகவே யோசித்துக்கொண்டிருக்கிறார். வேண்டாம் என்றாலும் சரி, வேண்டும் என்றாலும் சரி, அது அவருடைய பதிலாகத்தான் இருக்கும்.

நானும் என் ஜீப்பை ஒருநாள் வரையச் சொன்னேன்.

"அது தீனி திங்குமா அண்ணே?"

"டீசல் குடிக்கும்."

"திங்காததை நான் வரையறதில்ல" என்றுவிட்டார்.

இந்த வாரம் கோழிகளை வரைய ஆரம்பித்திருக்கிறார். நேற்று கோதுமையை இறக்கி வைக்க மிமூன் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் யம்னா மணைமேல் உட்கார்ந்திருந்தார். மடியில் அட்டை, காதில் பென்சில், முக்காட்டில் மஞ்சள் சாயம். சுற்றிலும் ஃபத்மாவின் ஆறு கோழிகள். ஒன்று நின்றால் ஒன்று ஓடியது. தாள் முழுக்கத் தலையில்லாத உடம்புகளும் உடம்பில்லாத கால்களும்.

"ஒரு நிமிஷம் நிக்குதா பாருங்க அண்ணே! குதிரை எவ்வளவு மரியாதையான பிறவி. இதுங்களுக்கு உக்காந்த இடத்துல உக்காரவே தெரியல."

"அப்ப விட்டுட்டு நாய் எதையாவது வரையுங்களேன்."

"நாயா? எனக்குக் கோழிதான் வேணும்" என்றார். பென்சிலைக் காதிலிருந்து எடுத்துக்கொண்டு, குனிந்தபடி, சிவப்புக் கொண்டைக் கோழியின் பின்னால் மெதுவாக நடந்து போனார்.